பதினைந்து நிமிடத் திருடன்

காரைக் காணோம் என்று எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து அழுகிறவர்களில் பாதிப்பேர், இன்சூரன்ஸ் பணத்தை நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டுதான் அழுவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த லெயார்கோ அந்த ரகம் இல்லை. அவர் அழவே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கறுப்பேறிய நகங்களால் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது மெக்கானிக்.

"நேத்து மத்தியானம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பாத்தா வண்டி இல்ல."

"என்ன வண்டி?" என்றார் எங்கள் மேடம்.

"ஸ்கார்லினி. பன்னெண்டு சிலிண்டர். மஞ்சள்."

நான் விசிலடித்தேன். மேடம் நோட்டில் 'மஞ்சள் வண்டி' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

மேடத்தின் பெயர் ஓரியெட்டா. துப்பறிய வருமுன் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக செர்ரித் தோட்டங்களில் ஆலங்கட்டி மழைச் சேதம் மதிப்பிட்டவர். பழத்தில் விழுந்த அடி ஆலங்கட்டியா சுத்தியலா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் கார்களுக்குப் பேர்போன மொதெனாவில் பிறந்தும் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நிறத்தைத் தவிர வித்தியாசம் தெரியாத ஒரே ஜீவன் அவர்தான். அந்தக் குறையை நிரப்பத்தான் நான் இருக்கிறேன். பெயர் எர்மெஸ். ஷோரூமில் ஸ்கார்லினி விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர், "இதைப் பராமரிக்க என்ன ஆகும் தம்பி?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கே வேலை போயிற்று.

"வண்டி யாரோடது?" என்று கேட்டார் மேடம்.

"அமில்காரே. சாஸ்வோலோவில டைல்ஸ் ஃபாக்டரி வெச்சிருக்காரே, அவருது. பெல்ட்டு மாத்தற நேரம் தாண்டிப் போச்சு. இன்ஜினையே கீழ இறக்கணும். நாப்பத்தோராயிரம் யூரோ ஆகும்னேன். 'மாத்த வேணாம், மாத்தினதா சர்வீஸ் புக்குல முத்திரை மட்டும் குத்து, திங்கக்கிழமை வெளிநாட்டுலேருந்து வாங்கற ஆள் வர்றான்'னாரு. முடியாதுன்னுட்டேன். வியாழக்கிழமை பெரிய சண்டை. வெள்ளிக்கிழமை வண்டி காணோம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "பெல்ட்டு அறுந்தா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கற பாகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகலப்புல இறங்கிடும் மேடம். இன்ஜின் அம்பேல். ஓட்டறவன் வேகமாப் போயிட்டிருந்தா அவனும் அம்பேல்."

லெயார்கோ தொப்பியைப் பார்த்தபடியே பேசினார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டயம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள வண்டி வரலேன்னா, நான்தான் திருடினேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பாராம். நாப்பது வருஷமா ஜனங்க கண்ண மூடிட்டு வண்டிய என்கிட்ட விட்டுட்டுப் போறாங்க. திருடன்னு ஒரு தடவ பேர் வந்துட்டா, சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட ஒருத்தன் வரமாட்டான். இதை இன்னும் ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. வாய் வரல."

எனக்கு நாக்கு நுனியில் ஒரு நக்கல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

*

மேடத்தின் பழைய பாண்டா என்ற குட்டிக் காரில் லெயார்கோவின் ஊரான சான் வெனான்சியோ போய்ச் சேருவதற்குள் நான் வழக்கை முடித்துவிட்டேன். லெயார்கோ தன் வேனில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அமில்காரேதான் மேடம் ஆளு. வேற யோசனையே வேணாம்."

"எப்படி?"

"செலவு! டயர் நாலும் ஓட்டினாலும் ஓட்டாட்டியும் பால் மாதிரி தானா கெட்டுப்போகும். பிரேக் தட்டு நாலு மாத்தற காசுல இந்தப் பாண்டா மாதிரி மூணு வாங்கலாம். ஆயில் மாத்த, அடிமூடியைக் கழட்டறதுக்கே அரை நாள் கூலி. சும்மா நின்னாலும் பேட்டரிக்கு ஒயர் சொருகியே வெச்சிருக்கணும், ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற மாதிரி."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"இங்க சுண்டைக்காயே மூணு லட்சம் யூரோ மேடம். பெல்ட்டு மாத்தாத வண்டியை எவனும் வாங்கமாட்டான். மாத்த இவருக்கு மனசு வரல. ஆளை விட்டுத் தூக்கிட்டு, பழியை லெயார்கோ மேல போட்டுட்டு, இன்சூரன்ஸ்ல வாங்கிக்கறாரு."

"ஆலங்கட்டி விழாத வருஷம் சுத்தியல் எடுக்கற விவசாயிங்களை நானும் பாத்திருக்கேன்" என்றார் மேடம். அதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது அவருக்கே வெளிச்சம்.

பட்டறைக் கதவின் சாவி லம்ப்ருஸ்கோ ஒயின் பெட்டிக்கு அடியில் இருந்தது. உள்ளே வண்டிச் சாவிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. "பெட்டிக்கு அடியில சாவி இருக்கறது யாருக்குத் தெரியும்?" என்று மேடம் கேட்டார்.

"ஊருக்கே தெரியும்" என்றார் லெயார்கோ. "அப்பத்தானே நான் இல்லாதப்பவும் வண்டிய எடுத்துக்க முடியும்?"

எதிர்வீட்டு ஜன்னலில் நோரினா நின்றிருந்தார். ஊருக்கே பாஸ்தா மாவு தேய்த்துக் கொடுக்கும் அம்மாள். முழங்கை வரைக்கும் மாவு. லெயார்கோவும் எங்களோடு வந்து நிற்க, மேடம் ஜன்னலடியில் போய்க் கேட்டார்.

"நேத்து மத்தியானம் பட்டறையிலேருந்து வண்டி போனதைப் பாத்தீங்களாம்மா?"

"கண்ணு மாவுல இருந்துச்சு. எட்டிப் பாத்தா மாவு காஞ்சு போயிடும். ஒண்ணும் பாக்கல, யாரையும் பாக்கல."

"சத்தமாவது கேட்டுதா?"

"அதை ஏன் கேக்கறீங்க! கால் மணி நேரம்! ஆறு முட்டை மாவு. பலகையில போட்டப்ப உர்ருனு ஆரம்பிச்சது, நான் தேச்சு முடிக்கற வரைக்கும் நிக்கல. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னுச்சு. அப்புறம் பூனை மாதிரி மெதுவா நகந்து போச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கால் மணி நேரமா? திருட வந்தவன் உள்ள உக்காந்து ஜெபமாலை உருட்டினானா?"

"எதுக்குடா சிரிக்கற?" என்றார் மேடம்.

"இன்ஜினைச் சூடாக்கியிருக்கான் மேடம்! பன்னெண்டு சிலிண்டர் வண்டி. எழுப்பின உடனே முறுக்கினா, ஆயில் மேல ஏறுமுன்னால உள்ள தேய்ஞ்சிடும். கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் நகத்தணும். இந்த ஊர்ல தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனா திருடறப்ப அதைச் செய்ய மொதெனாக்காரனுக்குத்தான் மனசு வரும். மிலான் திருடனா இருந்தா மூணு செகண்டுல பறந்திருப்பான்."

மேடம் சிரிக்கவில்லை. லெயார்கோவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை. கண் எங்கள் மேல் இல்லை, தெருக்கோடிக்குப் போயிருந்தது.

"விட்டுடுங்க ஓரியெட்டா" என்றார் மெதுவாக. "வீணா அலைய வெச்சுட்டேன். உங்களுக்கு என்ன கூலியோ வாங்கிக்கங்க. ஆறு மணிக்கு நானே ஸ்டேஷனுக்குப் போயிடறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டார்.

"நம்ம கட்சிக்காரரே கள்ளன் போலிருக்கே மேடம்" என்றேன் பாண்டாவில் ஏறியதும்.

"தன்னைப் பத்திப் பயந்தவர் நம்மளைத்தான் பாத்திருப்பார். இவர் ரோட்டைப் பாத்தார், யாரோ போயிட்டிருக்கற மாதிரி. கால் மணி நேரம்னு கேட்டதும் ஆளைக் கண்டுபிடிச்சுட்டார் எர்மெஸ். இப்ப அந்த ஆளை மறைக்கறார். வண்டியை சாஸ்வோலோவுக்கு விடு."

*

டைல்ஸ் ஃபாக்டரி முற்றத்தில் ஒரு கறுப்பு ஜீப் நின்றிருந்தது. யானைக் குட்டிக்கு பாலிஷ் போட்டது போல. மேடம் அதற்கும் பின்சுவருக்கும் நடுவில், ஒரு சாண் இடைவெளியில், பாண்டாவை நுழைத்து நிறுத்தச் சொன்னார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அமில்காரேவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சட்டைப் பொத்தான் மூன்று திறந்திருந்தது. கோபத்துக்குக் குறைவில்லை.

"அந்த ஆள் பழிவாங்கிட்டான்! முத்திரை குத்தச் சொன்னதுக்கு வண்டியையே முழுங்கிட்டான். ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டேன்."

இது நடிப்பில்லை என்று எனக்கே பட்டது. ஆளை விட்டுத் தூக்கியவன் இப்படிக் கத்த மாட்டான், கர்ச்சீப் எடுத்துக் கண்ணைத் துடைப்பான். என் முதல் தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டது.

"வண்டியோட பதிவுப் புத்தகம் ஒரு நகல் கிடைக்குமா?" என்றார் மேடம்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

சொன்ன வேகத்தில் மேஜைமேல் கிடந்த கடித உறைகளின் மீது செய்தித்தாளைப் போட்டு மூடினார். மேலே இருந்தது வேகமாக ஓட்டியதற்கான அபராதக் கடிதம். அதில் இருந்த பெயரை மேடம் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"இசோட்டாங்கறது யாருங்க?"

"எங்க அக்கா. மழலையர் பள்ளியில சமையல் பண்ணி ரிட்டயர் ஆனவ. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கிளம்புங்க."

கிளம்பினோம். மேடம் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து, உலகத்திலேயே மிக அசட்டு முகம் ஒன்றை வைத்துக்கொண்டு, "எங்க வண்டி மாட்டிக்கிச்சு, உங்க ஜீப்பைக் கொஞ்சம் முன்னால நகத்த முடியுமா?" என்றார். அமில்காரே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். சாவியைத் திருப்பிய அடுத்த நொடி ஜீப் தொண்டை கிழியக் கத்தியது. முற்றத்துப் புறா அத்தனையும் பறந்தன. காலையிலிருந்து நின்று ஆறிப்போன இன்ஜினை அப்படி மிதிக்கிறார் மனிதர்.

"பாத்தியா?" என்றார் மேடம். "இவருக்குக் கால் மணி நேரம் இல்ல, கால் நிமிஷம்கூடப் பொறுமையில்ல. வண்டியைச் சூடாக்கினது வேற ஆள். அந்த இன்ஜின் மேல அக்கறை இருக்கற ஆள்."

*

திரும்பவும் பட்டறை வாசல். ஷட்டர் மூடியே இருந்தது. மேடம் உள்ளே போகவில்லை, தெருவை அளக்க ஆரம்பித்தார்.

"மஞ்சள் வண்டியோட வயிறு தரையிலேருந்து எவ்வளவு உயரம்?"

"ஆறு விரக்கடை. வேகத்தடைல ஏத்தினா அடிப்பலகை பொளந்துக்கும். அது ஒண்ணே ஒம்பதாயிரம்."

"இன்ஜினுக்குக் கால் மணி நேரம் காத்திருந்த ஆள் அடிப்பலகையைக் கிழிச்சிருப்பாரா?"

பட்டறையிலிருந்து மூன்று தெரு பிரிகிறது. நெடுஞ்சாலைக்குப் போகும் தெருவில் நான்கு வேகத்தடை. சந்தைத் தெருவில் மூன்று. மூன்றாவது தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகஸ்ட் ஊர்வலத்தில் மாதா சிலை குலுங்கக் கூடாது என்று பங்குத்தந்தை ஏழு வருடமாக நகராட்சியோடு மல்லுக்கு நிற்கிறார். ஆற்றங்கரையில் போய் முட்டும் அந்தத் தெருவில் மூன்றே இடங்கள்தான். மாதா கோயில், கல்லறைத் தோட்டம், குண்டு உருட்டிப் போச்சே ஆடுகிற கொட்டகை.

"கோயில் வாசப்படி உயரம். கல்லறையில வண்டி நிறுத்தினா செத்தவன்கூட எழுந்து வந்து பாப்பான்" என்றேன். "கொட்டகைதான்."

வெயில் காலத்தில் போச்சே ஆட்டம் மரத்தடிக்கு வந்துவிடும், கொட்டகை பூட்டிக் கிடக்கும். அன்றைக்கும் பூட்டித்தான் கிடந்தது. மரத்தடியிலோ ஒரு ஆட்டக்காரரையும் காணோம். சனிக்கிழமை மூன்று மணிக்கு சான் வெனான்சியோக் கிழவர்கள் போச்சே ஆடவில்லை என்றால் ஒன்று உலகம் அழிந்திருக்க வேண்டும், இல்லை அதைவிடப் பெரிய வேடிக்கை எங்கேயோ நடக்க வேண்டும். மேடம் சுவரிலிருந்த மின்சார மீட்டரைக் காட்டினார். ஆளில்லாத கொட்டகையில் மீட்டர் விளக்கு விடாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பேட்டரிக்குக் குளுக்கோஸ்" என்றேன்.

"பின்வாசல் எங்கே?" என்றார்.

பின்கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளினோம்.

மணல் பரப்பிய ஆடுகளத்தின் நடுவில், தேய்த்துக் குளிப்பாட்டிய மஞ்சள் நிறத்தில், ஸ்கார்லினி நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டுக் கிழவர்கள்.

"இந்தப் பெல்ட்டு இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்றார் ஒருவர்.

"உன் இடுப்பு பெல்ட்டே தாங்கல, இது தாங்குமாம்" என்றார் இன்னொருவர்.

எங்களைப் பார்த்ததும் எட்டு வாயும் ஒரே நேரத்தில் மூடின. ஒருவர் தொப்பியைக் கழற்றி அவசரமாக வண்டியின் முன்பக்கச் சின்னத்தின்மேல் வைத்து மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நிறம் உட்பட அச்சு அசலாக அதேதான்.

"எந்த வண்டியைத் தேடறீங்க?" என்றார் அப்பாவியாக.

"நீங்க சாஞ்சுக்கிட்டிருக்கீங்களே, அதைத்தான்" என்றேன்.

பின்னாலிருந்த சமையல் மேடையிலிருந்து ஒரு பெண் வந்தார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் ஏப்ரன், கையில் பொரித்த மாவுத் துண்டுகளும் மொர்த்தடெல்லா இறைச்சியும் அடுக்கிய தட்டு.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் எடுத்தேன். இசோட்டா. அமில்காரேவோட அக்கா."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நோரினா ஃபோன் பண்ணி யாரோ துப்பறியற பொம்பள வந்திருக்கான்னப்பவே சொன்னேன், கதவை உள்பக்கம் தாழ் போடுங்கடான்னு" என்றார் தொப்பிக்காரர். ஒன்றும் பார்க்காத நோரினா!

"தட்டைக் கீழ வைங்கம்மா" என்றார் மேடம். "இந்த வண்டி உங்க பேர்லதானே இருக்கு?"

"பதினோரு வருஷமா. வரிக்காரங்க கேட்டா, அவன்கிட்ட ஒண்ணுமில்லன்னு காட்டணுமாம். எல்லாத்துக்கும் நான் கையெழுத்து. வருஷத்துக்கு ரெண்டு தடவ சர்வீசுக்கு விடவும் எடுக்கவும் நான்தான் வருவேன், காகிதத்துல பேர் இருக்கே. இன்ஜின் சூடாகற வரைக்கும் லெயார்கோ காபி போட்டுத் தருவாரு. பேசிட்டிருப்போம். அப்புறம் அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, வேகத்தடை வந்தா இறங்கிப் பலகை போட, நான் மெயின் ரோடு வரைக்கும் ஓட்டுவேன்." சொல்லும்போது அந்த அம்மாளின் காது சிவந்தது. எட்டுக் கிழவர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"ஏன் எடுத்தீங்க?"

"லெயார்கோ முடியாதுன்னதும், முத்திரை குத்த வேற ஒருத்தனைப் பிடிச்சுட்டான் என் தம்பி. இன்னிக்கு வண்டிய அங்க கொண்டு போறதா இருந்தான். விக்கற காகிதத்துல கையெழுத்து நான் போடணும். வாங்கறது யாரோ ஒரு பையனாம், கல்யாணம் ஆகி நாலு மாசமாம். நெடுஞ்சாலையில பெல்ட்டு அறுந்து போச்சுன்னா? அந்தப் பொய்க்குக் கீழ என் பேர் இருக்கும். திங்கக்கிழமை தாண்டட்டும்னு ஒளிச்சு வெச்சேன்."

"லெயார்கோகிட்ட சொல்லலியா?"

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தம்பி கேட்டா அடுத்த நிமிஷம் கொண்டு போய் விட்டுடுவாரு. என் வண்டிய நான் எடுத்தா யாருக்கு என்ன வரும்னு நெனச்சேன்."

"லெயார்கோவுக்கு வந்திருக்கு" என்றார் மேடம். "ஆறு மணிக்கு உங்க தம்பி அவரைத் திருடன்னு எழுதிக் குடுக்கப் போறார். கால் மணி நேரம் இன்ஜின் ஓடிச்சுன்னு கேட்டதுமே அது நீங்கன்னு லெயார்கோவுக்குத் தெரிஞ்சுடுச்சு. உங்களைச் சொல்லக்கூடாதுன்னு பழியைத் தானே ஏத்துக்கப் போறார்."

இசோட்டா ஆடுகளத்தின் ஓரப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஏப்ரன் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அதைக் கழற்றக்கூட மறந்து, "வாங்க போலாம்" என்றார்.

*

போகிற வழியில் பதிவுப் புத்தகத்தை எடுக்க இசோட்டாவின் வீடு, அங்கே அது எந்த இழுப்பறையில் என்று இரண்டு மணி நேரத் தேடல், அப்புறம் ரயில்வே கேட். நாங்கள் போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேரும்போது ஆறடிக்க ஐந்து நிமிடம். வாசலில் கறுப்பு ஜீப். உள்ளே பெஞ்சில் லெயார்கோ, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தள்ளுவார்கள் என்று மாற்றுத்துணி எடுத்து வந்திருந்தார் மனிதர்.

அதிகாரி கார்மெலோ சிசிலிக்காரர். இரண்டு விரலால் டைப் அடிப்பவர். அமில்காரே மேஜையில் சாய்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி உரிமையாளர் பேரு?"

"அமில்காரே..."

"பதிவுப் புத்தகத்துல?"

"அது... அக்கா பேர்ல இருக்கு. சும்மா பேருக்கு."

"யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கையெழுத்து போடணும்."

"இதோ வந்துட்டாங்க" என்றார் மேடம்.

கார்மெலோ இசோட்டாவின் ஏப்ரனையும் பதிவுப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, உங்க வண்டி திருடு போயிடுச்சா?"

"இல்லையே. என் வண்டி என்கிட்டதான் இருக்கு. நேத்து நானே எடுத்துட்டுப் போனேன்."

லெயார்கோ பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அமில்காரே போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

"உன் வண்டியா? யார் காசு அது? வாங்கினது நான்! டயர் போட்டது நான்! அது என் வண்டி!"

கார்மெலோ டைப் அடிப்பதை நிறுத்தினார். புதுத் தாள் ஒன்றைச் செருகினார்.

"அப்ப வண்டி உங்களோடது. அக்கா பினாமி. பதினோரு வருஷமா. அப்படியே எழுதிக்கவா? நான் மெதுவாத்தான் அடிப்பேன், நிதானமாச் சொல்லுங்க."

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்து முடித்தது. அமில்காரேவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழும்பியது.

"அக்காவோட வண்டிதான்" என்றார் கடைசியில். காலடியில் இருந்த டைல்ஸுக்கே கேட்டிருக்காது.

"சத்தமா."

"அக்காவோட வண்டி!"

"அப்ப புகார் இல்ல." கார்மெலோ தாளை உருவிக் கசக்கினார். "வாசல்ல நிக்குதே ஜீப்பு, அது யார் பேர்ல?"

அமில்காரே கண்ணை மூடிக்கொண்டார். இசோட்டா கையை நீட்டினார். ஜீப் சாவி அந்தக் கைக்கு வந்தது. அப்படியே அதை லெயார்கோவிடம் கொடுத்தார்.

"இதையும் கொஞ்சம் பாருங்க. ஒரு நாளும் சூடாக்காம ஓட்டறான். மஞ்சளுக்குப் பெல்ட்டு மாத்தின அப்புறம்தான் எந்தக் காகிதத்துலயும் நான் கையெழுத்து போடுவேன். பில் என் தம்பிக்கு."

"திருடன்னு பேர் வாங்கப் பையோட வந்து உக்காந்துட்டீங்களே" என்று லெயார்கோவை அதட்டவும் செய்தார். "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வண்டியக் கொண்டு போய் விட்டிருப்பீங்க."

லெயார்கோ யோசித்தார். "ஆமா" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் மேடமும் சுவரில் ஒட்டியிருந்த தேடப்படுவோர் பட்டியலை வெகு அக்கறையாகப் படித்தோம். அந்த நேரத்தில் அமில்காரே யாரையும் பார்க்காமல், யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல், வெளியே நழுவிவிட்டார்.

*

அமில்காரே வாசல் படியில் நின்றிருந்தார். வீட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், வண்டி இல்லை.

"ஏறுங்க" என்றார் மேடம்.

பாண்டாவின் பின் இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க அவர் மடங்கி உட்கார்ந்தது எனக்குப் பெரிய திருப்தி. கொஞ்ச தூரம் போனதும் மேடம் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னால யார்கிட்டயாவது லெயார்கோவைப் பத்திச் சொன்னீங்களா?"

"அஞ்சு மணிக்கு... லெயார்கோ ஊர்ச் சதுக்கத்து பார்ல. காபி குடிக்கறப்ப."

"என்னன்னு?"

"திருடன்னு."

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"எல்லாரும்."

மேடம் என் தோளைத் தட்டினார். நான் சதுக்கத்துக்குத் திருப்பி, பார் வாசலில் நிறுத்தினேன். சனிக்கிழமை மாலை, உள்ளே ஈ நுழைய இடமில்லை.

"ஸ்டேஷன்ல புகார் இல்லேன்னு ஆயிடுச்சு. இங்க போட்ட புகார் அப்படியே இருக்கு" என்றார் மேடம். "இறங்குங்க. சொன்ன இடத்துலயே, சொன்ன சத்தத்துலயே, இல்லன்னு சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா இங்கேருந்து நடந்துதான் போகணும்."

போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாய் அசைந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை. மறுபடியும் அசைந்தது. இந்த முறை எல்லாத் தலையும் திரும்பின. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண் துணியால் அதைத் துடைத்தபடியே ஏதோ சொன்னாள். அமில்காரே திரும்பி வந்து, கதவைச் சாத்தாமல், மறுபடி மடங்கி உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நீ அஞ்சு மணிக்குச் சொன்னப்பவே ஒருத்தரும் நம்பல'ன்னாங்க." எச்சில் விழுங்கினார். "ஒரு காபி கேட்டேன். லெயார்கோகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா, அப்புறம் போட்டுத் தரேன்னுட்டா."

நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பி சாஸ்வோலோ சாலைப் பக்கம் வளைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் இருக்கையைப் பிடித்தது.

"தம்பி, திருப்பு" என்றார் அமில்காரே. "பட்டறைக்குப் போ."